கொண்டை ஊசியில் கார் சாய்கிறது, ஸ்ட்ரட் பார் போடலாமா?

சரி, அடுத்த கேள்வி. கோத்தகிரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். "அண்ணா, என்னுடையது ஒன்பது வருஷத்து ஸ்விஃப்ட், எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. குஞ்சப்பனை இறக்கத்தில் வளைவுக்கு வளைவு சாய்கிறது, மழையில் முன்பக்கம் வெளியே இழுத்துக்கொண்டு போகிறது. ஸ்ட்ரட் பாரும் லோயரிங் ஸ்பிரிங்கும் போட்டால் சரியாகுமா?"

தம்பி, பானெட்டுக்குள் இரண்டு பக்க ஸ்ட்ரட் தலைகளையும் இணைக்கிற ஸ்ட்ரட் பார், வண்டியைத் தாழ்த்துகிற லோயரிங் ஸ்பிரிங், இரண்டையும் இப்போது வாங்காதீர்கள். எண்பதாயிரம் என்பது சமவெளியில் ஒரு கணக்கு, நம் மலையில் வேறு கணக்கு. இங்கே ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் ஒரே நேரத்தில் லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே பாடியோடு இணைக்கிற கை) பிடிக்கிற ரப்பர் புஷ்ஷை முறுக்குகின்றன, ரப்பர் வெடித்துப்போனால் சக்கரம் நீங்கள் காட்டும் பக்கம் நிற்காமல் தானாகவே கொஞ்சம் திரும்பிக்கொள்ளும். முதலில் வண்டியை ஜாக்கில் தூக்கி, லிவர் போட்டு நெம்பி, புஷ், பால் ஜாயிண்ட், லிங்க் ராடு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிவு இருந்தால் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், கூடவே மேலே இருக்கிற மவுண்ட்டையும். புது ஷாக் போட்ட அன்றைக்கே பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

அப்புறம் டயர். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் (டயரின் மேல்வரி) நிறைய இருக்கிறது என்று பழைய டயரை வைத்துக்கொள்ளாதீர்கள், ரப்பர் இறுகிவிட்டால் ஈரத்தில் பிடிக்காது. மழையில் முன்பக்கம் வெளியே போகிறது என்று நீங்கள் சொன்னதும் எனக்கு முதலில் சந்தேகம் வந்தது இதன்மேல்தான். காற்றைக் காலையில் வண்டி எடுக்கும் முன்பே, கோத்தகிரியிலேயே பாருங்கள். (மேட்டுப்பாளையத்தில் அடித்துக்கொண்டு வந்தால், குளிரில் அழுத்தம் இறங்கும், மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் கூட்டிக் காட்டும். இரண்டும் ஏறக்குறைய சரிக்குச் சரியாகிவிடும், ஆனால் அதை நம்பி விட்டுவிட வேண்டாம்.)

இப்போது லோயரிங் ஸ்பிரிங். உங்கள் வண்டியின் முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக நிற்கிற அமைப்பு. வண்டியை இறக்கினால் லோயர் ஆர்மின் வெளிமுனை மேலே ஏறிவிடும், அப்போது ரோல் சென்டர் என்கிற புள்ளி (வண்டி எதைச் சுற்றிச் சாய்கிறதோ அது), வண்டியின் எடைமையம் இறங்குவதைவிட அதிகமாகக் கீழே போய்விடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் வண்டியைச் சாய்க்கிற நெம்புகோல், அது நீண்டுவிடுகிறது. அதாவது சாய்வைக் குறைக்கப் போட்ட காசில் சாய்க்கிற விசையைக் கூட்டிவிட்டு, அதை அடக்க இன்னும் கடினமான ஸ்பிரிங் தேட வேண்டியிருக்கும். பழைய ஷாக்கால் அந்த ஸ்பிரிங்கை அடக்கவும் முடியாது. நானே ஒரு வண்டியை 40 மில்லிமீட்டர் இறக்கி ஓட்டியிருக்கிறேன். குன்னூர் இறக்கத்தில், மரப்பாலம் பக்கம், ஈரமான வளைவின் நடுவில் ஒரு பள்ளம் வந்தது, ஸ்பிரிங் முழுவதும் அமுங்கி பம்ப் ஸ்டாப் என்கிற தடுப்பில் இடித்தது, அந்தக் கணம் டயர் தரையை விட்டது, வண்டி ஒரு சாண் பக்கவாட்டில் தாவியது. எதிரே லாரி வராததால் தப்பித்தேன். மறுநாளே பழைய ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டேன். கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தின் வழவழப்பான தளத்துக்கு இறக்கிய வண்டி சரி, மழைக்காலத்து மலைப்பாதைக்குச் சக்கரம் ஏறி இறங்க இடம் வேண்டும்.

ஸ்ட்ரட் பார் விஷயத்துக்கு வருவோம். பாடி விறைப்பாக இருக்க வேண்டும் என்பது உண்மைதான், ஏனென்றால் பாடி வளைந்தால் அதுவும் ஒரு ஸ்பிரிங் மாதிரிதான், ஆனால் அதற்கு ஷாக் கிடையாது. ஆனால் இந்த அமைப்பில் பக்கவாட்டு விசையில் பெரும்பகுதி கீழே லோயர் ஆர்ம் வழியாகத்தான் போகிறது, மேலே ஸ்ட்ரட் டவருக்கு வருவது கொஞ்சம்தான். அதனால் காசு செலவழித்தே ஆக வேண்டுமென்றால் லோயர் ஆர்ம் பிடிக்கிற இடங்களை இணைக்கும் பிரேஸ் (விறைப்புச் சட்டம்) போடுவது நல்லது. மேலேதான் வேண்டுமென்றால் ஒரே துண்டாக இருக்கிற பாரை வாங்குங்கள், முனையில் போல்ட்டில் மடங்குகிற பளபளப்புச் சாமான் பானெட்டைத் திறந்து காட்டத்தான் உதவும். இன்னொன்று, நம் பனிமூட்டத்திலும் மழையிலும் நின்ற வண்டிகளில் அடியில் இந்தப் பிடிமானங்கள் இருக்கிற இடத்தில் துரு பிடிக்கும், அதைப் பார்க்காமல் பிரேஸ் போடுவது பிரயோஜனமில்லை. பாடியை வெல்டு வைத்து இறுக்குகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், சூட்டில் அந்த இடத்து இரும்பின் வலு போய்விடும், மோதலில் நசுங்க வேண்டிய பகுதி நசுங்க வேண்டிய விதத்தில் நசுங்காது.

எல்லாம் மாற்றியும் சாய்வு குறையவில்லை என்றால் கடைசியாக ஆன்டி ரோல் பார், இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வை அடக்குகிற கம்பி. முன்பக்கம் தடிமனாகப் போட்டால், முன்பக்கம் வெளியே போகிறது என்கிற உங்கள் புகார் இன்னும் கூடும், பின்பக்கம் போட்டால் குறையும். ஆனால் பின்பக்கம் விறைத்த வண்டி, இறக்கத்தில் வளைவுக்குள் பயந்து ஆக்ஸிலேட்டரை விட்டால் வாலை வீசும். ஒரு பக்கம் பள்ளத்தாக்கு இருக்கிற ரோட்டில் அது எனக்குப் பிடிக்காது, மெல்லிய பார் போதும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவும் இருக்கிறது, ஆர்.சி. விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது, எதைப் போட்டாலும் இன்சூரன்ஸ்காரரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

புஷ், ஷாக் மாற்றியதும் அலைன்மென்ட் கட்டாயம். அலைன்மென்ட்டுக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவு அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்கி, போட்டோ எடுத்து அனுப்புங்கள், டோ, கேம்பர் (சக்கரம் திரும்பி நிற்கிற, சாய்ந்து நிற்கிற கோணங்கள்) எண்களைப் பார்த்துச் சொல்கிறேன்.