பத்துப் பேர் டீமுக்கு எந்த ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர்? (வீடியோ ஸ்கிரிப்ட்)

[திரையில்: போனில் ஒரு வாட்ஸ்அப் குரூப். விரல் மேலே மேலே தள்ளிக்கொண்டே போகிறது.]

"அண்ணே, 14ஆம் பக்கத்துல பொண்ணோட சித்தப்பா படம் விட்டுப்போச்சு, சேர்த்துருங்க." மெசேஜ் வந்தது காலைல 9.10க்கு. சாயங்காலத்துக்குள்ள அதுக்கு மேல நூறு மெசேஜ் வந்து உக்காந்துடுச்சு. டிசைனர் அதைப் பாக்கல. ஆல்பம் பிரிண்டுக்குப் போயிடுச்சு.

இதுல டிசைனர் மேல தப்பு சொல்ல முடியாது. வாட்ஸ்அப் பேசுறதுக்கு நல்ல இடம். ஆனா எந்த வேலை முடிஞ்சுது, எது யார்கிட்ட நிக்குதுன்னு அது சொல்லாது. அதுக்குத்தான் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர். எதை வாங்குறதுன்னு யோசிக்கும்போது எல்லாரும் முதல்ல வசதிகளை வரிசையா வச்சு ஒப்பிடுவாங்க. அதை அப்புறம் பாத்துக்கலாம். உங்க வேலை எப்படி நகருதுன்னு முதல்ல பாருங்க. மதுரையில நடக்கிற மூணு வேலையை வச்சே இதைப் பாத்துடலாம்.

[திரையில்: ஆறு பத்திகள் கொண்ட பலகை. தலைப்புகள்: படத்தேர்வு, டிசைன், பார்ட்டி ஓகே, பிரிண்ட், பைண்டிங், டெலிவரி.]

முதல்ல கல்யாண ஆல்பம் ஸ்டுடியோ. ஒவ்வொரு ஆல்பமும் இதே ஆறு கட்டத்தைத் தாண்டித்தான் போகணும். ஒரு ஆல்பம் லேட்டானா இன்னொண்ணு அதுக்காகக் காத்திருக்காது. இப்படி வரிசையா நகர்ற வேலைக்கு கார்டு நகர்த்துற பலகை போதும். ட்ரெல்லோங்கிற சாஃப்ட்வேர் இந்த வகை. இதைக் கான்பன்னு சொல்வாங்க. டொயோட்டா தொழிற்சாலையில பிறந்த முறை.

கார்டை எப்படி எழுதுறீங்கங்கிறதுலதான் பாதி வேலை இருக்கு. "குமார் சார் ஆல்பம்"னு எழுதினா நாலு குமார் வந்த மாசத்துல மாட்டிக்குவீங்க. "கே.புதூர், ஆவணி 12, 40 பக்கம்"னு எழுதுங்க. ஒரு கார்டுக்கு ஒரே ஒரு ஆள் பொறுப்பு. ரெண்டு பேர் பேரைப் போட்டா ரெண்டு பேரும் மத்தவர் பாத்துக்குவார்னு இருந்துடுவாங்க. சித்தப்பா படம் மாதிரி திருத்தம் வந்தா கார்டுக்குள்ள செக்லிஸ்ட்ல ஒரு வரி. அதுல டிக் விழாம கார்டு பிரிண்ட் பத்திக்குப் போகக் கூடாது.

டிசைனர் ரெண்டு பேர்னா, டிசைன் பத்தியில ஒரே நேரத்துல 4 கார்டுக்கு மேல வைக்காதீங்க. தலைப்புலயே "டிசைன், 4"னு எழுதிடுங்க. ரெண்டே வாரத்துல ஒரு விஷயம் கண்ணுக்குத் தெரியும். பல ஸ்டுடியோவுல கார்டு குவியுற இடம் டிசைன் இல்ல, பார்ட்டி ஓகே, அதாவது ஆல்பம் கேட்டவங்க ஒப்புதல். அப்படின்னா இன்னொரு டிசைனரைச் சேர்த்துப் பிரயோஜனம் இல்ல. ஒப்புதல் கேட்டு போன் பண்ண ஒரு ஆள் வேணும்.

[திரையில்: ஒரு மாடி வீட்டின் ரூஃப் வேலை, கான்ட் வரைபடமாக. பட்டைகளை அம்புக்குறிகள் இணைக்கின்றன.]

ரெண்டாவது, திருப்பாலை பக்கம் ஒரு மாடி வீடு கட்டுற கான்ட்ராக்டர். இங்க பலகை பத்தாது. ஏன்னா இங்க ஒரு வேலையோட தேதி இன்னொரு வேலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. சென்ட்ரிங் அடிக்கணும், கம்பி கட்டணும், எலக்ட்ரீஷியன் பைப் போடணும், அப்புறம்தான் கான்கிரீட். கான்கிரீட் போட்டு, முட்டு பிரிச்ச பிறகுதான் கீழே பூச்சு வேலை. மழையால கான்கிரீட் 4 நாள் தள்ளிப்போனா பின்னால இருக்கிற எல்லாமே தள்ளிப்போகும். ஒவ்வொரு வேலையையும் தேதிவாரியா ஒரு பட்டையாக் காட்டுற படத்துக்குக் கான்ட் வரைபடம்னு பேரு. அது இருக்கிற சாஃப்ட்வேர்ல ஒரு பட்டையை நகர்த்தினா, அதோட இணைச்ச மத்தது தானா நகரும். பலகையில ஒவ்வொரு கார்டுலயும் தேதியை நீங்கதான் மாத்தணும். ஒண்ணை மறந்தாலும், டைல்ஸ் லாரி ஈரச் சுவர் முன்னாடி வந்து நிக்கும்.

இந்த வகையில அதிகமா நடக்கிற தப்பு ஒண்ணு இருக்கு. கொஞ்சம் நிதானமாப் பாருங்க.

சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட்ல போட்ட ஸ்லாபுக்கு, அதைத் தாங்குற சுவருக்குச் சுவர் தூரம் 4.5 மீட்டர் வரைக்கும்னா 7 நாள், அதுக்கு மேல போனா 14 நாள் அடியில முட்டு நிக்கணும்னு கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சொல்லுது. சாம்பல் மாதிரி பொருள் கலந்த பி.பி.சி. சிமென்ட்னா எத்தனை நாள்னு இன்ஜினியர் முடிவு பண்ணணும். 16 அடி ஹால் 4.9 மீட்டர் வருது, அதனால 14 நாள். இந்த 14ஐ சாஃப்ட்வேர்ல அப்படியே போட்டா அது வேலை நாளா எடுத்துக்கும். பெரும்பாலும் சனி, ஞாயிறு லீவுன்னு காலண்டர் இருக்கும். 14 நாள் குறைஞ்சது 18 நாளா நீண்டுடும். சனிக்கிழமையை வேலை நாளா மாத்தினாலும் 16. நடுவுல பொங்கல் வந்தா இன்னும் கூடும். கான்கிரீட்டுக்கு ஞாயிறும் தெரியாது, பொங்கலும் தெரியாது, அது பாட்டுக்கு இறுகும். சென்ட்ரிங் சாமானை நாள் வாடகைக்கு எடுத்திருந்தா அத்தனை நாள் வாடகையும் வீண். மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்ல இதுக்கு வழி இருக்கு. ரெண்டு வேலைக்கு நடுவுல எத்தனை நாள் காத்திருக்கணும்னு போடுற இடத்துல 14க்குப் பின்னாடி இங்கிலீஷ் எழுத்து இ, டி ரெண்டையும் சேர்த்து அடிங்க. காலண்டர் நாளாவே எண்ணும். நீங்க பாக்கிற சாஃப்ட்வேர்ல இந்த வசதி இருக்கான்னு டெமோ காட்டுறவர்கிட்டயே செஞ்சு காட்டச் சொல்லுங்க.

காலண்டரைத் திறந்த கையோட திங்கள் முதல் சனி வரைன்னு மாத்திடுங்க. அழகர் ஆத்துல இறங்குற நாளை லீவா போடுங்க, அன்னிக்கு ஆள் வரமாட்டாங்க. தேதி வடிவத்தையும் பாருங்க. 03/04 உங்களுக்கு ஏப்ரல் 3, அமெரிக்க அமைப்புல இருந்தா மார்ச் 4.

மேஸ்திரிக்கும் கொத்தனாருக்கும் தனித்தனியா லாகின் வாங்கிக் கொடுக்காதீங்க. சாயங்காலம் அவங்க ஒரு போட்டோ அனுப்பினா போதும். சைட் இன்ஜினியர் 6 மணிக்கு உக்காந்து பத்து நிமிஷத்துல பதிவு பண்ணிடுவார். ஒரே ஆள், ஒரே கம்ப்யூட்டர்னா ப்ராஜெக்ட்லிப்ரே இலவசம். மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் ஃபைலையும் திறக்கும். நாலு பேர் ஆன்லைன்ல பாக்கணும்னா ஜோஹோ ப்ராஜெக்ட்ஸ் பாருங்க. ஓபன்ப்ராஜெக்டும் இருக்கு. அதோட சமூகப் பதிப்பு இலவசம்தான், ஆனா சொந்த சர்வர்ல வச்சா பேக்கப் எடுக்க ஒரு ஆள் வேணும். அந்த ஆள் இல்லாத டீம் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

மூணாவது, வடபழஞ்சி, இலந்தைக்குளம் ஐ.டி. பார்க்ல இருக்கிற மாதிரி சாஃப்ட்வேர் டீம். ஒவ்வொரு பிழைக்கும் ஒரு நம்பர், அந்த நம்பர் கோட் மாற்றத்தோட சேரணும், ரெண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரின்ட், அதாவது அந்த ரெண்டு வாரத்துக்குள்ள முடிக்கணும்னு எடுத்துக்கிற வேலை. இதுக்கு ஜிராங்கிற சாஃப்ட்வேர். அதே ஜிராவை ஆல்பம் ஸ்டுடியோவுல போட்டா, ஒரு கார்டு திறக்கவே நிறையக் கட்டம் நிரப்பணும்னு டிசைனர் திரும்ப வாட்ஸ்அப்புக்கே போயிடுவார்.

[திரையில்: கால்குலேட்டர்.]

இப்ப காசு. ஜிராவும் ட்ரெல்லோவும் அட்லாசியன் கம்பெனியோடதுதான், ட்ரெல்லோவை 2017ல வாங்கினாங்க. ஜிரா இலவசத் திட்டம் 10 பேர் வரைக்கும். 11ஆவது ஆள் வந்தா அவருக்கு மட்டும் இல்ல, 11 பேருக்கும் காசு. ட்ரெல்லோ இலவசத்துல ஒரு ஃபைல் 10 எம்.பி.க்கு மேல ஏறாது. போன் போட்டோ ஏறிடும், ஆல்பம் பி.டி.எஃப். ஏறாது, கூகுள் டிரைவ் லிங்க் போட்டுக்கணும். இந்த வரம்பெல்லாம் மாறிக்கிட்டே இருக்கும், வாங்குற அன்னிக்கு விலைப் பக்கத்தை ஒருமுறை பாருங்க.

உதாரணத்துக்கு ஒரு ஆளுக்கு மாசம் 400 ரூபாய்னு வைங்க. சின்னத் தொகையாத் தெரியும். 12 பேருக்கு மாசம் 4,800, வருஷத்துக்கு 57,600. 18 சதவீத ஜி.எஸ்.டி. 10,368. மொத்தம் 67,968. லாகின் உண்மையிலயே வேணுங்கிறது 4 பேருக்குத்தான்னா இது 22,656 ஆயிடும். வருஷக் கட்டணத்தைக் கார்டுல ஆட்டோபே போட்டா, 15,000 ரூபாய்க்கு மேல போறதுக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி ஒவ்வொரு தடவையும் ஓ.டி.பி. வேணும். அந்த மெசேஜ் ஓனரோட பழைய நம்பருக்குப் போனா, கட்டணம் விழாது, டீமுக்குக் கதவு மூடிடும்.

தமிழ்ல எழுதுவீங்கன்னா ரெண்டு சோதனை. "பூச்சு"ன்னு தேடிப் பாருங்க, கார்டு வருதான்னு. அப்புறம் எக்ஸ்போர்ட் எடுங்க, அதாவது உங்க தகவலையெல்லாம் சி.எஸ்.வி.ங்கிற அட்டவணை ஃபைலா வெளிய எடுங்க. டபுள் கிளிக் பண்ணி எக்ஸெல்ல திறந்தா தமிழ் எழுத்து குப்பையாத் தெரியலாம். பயப்படாதீங்க, தகவல் கெடல. எக்ஸெல்ல டேட்டா மெனு வழியா ஃபைலை எடுத்து, 65001 யு.டி.எஃப்-8 தேர்ந்தெடுங்க, சரியாயிடும். எக்ஸ்போர்ட்டே இல்லாத சாஃப்ட்வேரை எவ்வளவு அழகா இருந்தாலும் வாங்காதீங்க. கம்பெனி ஒருநாள் சாஃப்ட்வேரை மூடிட்டா, உங்க தகவலை வெளிய எடுக்க அதுதான் வழி. வுண்டர்லிஸ்ட்னு நிறையப் பேர் பயன்படுத்தின ஆப்பை 2020 மே 6ஆம் தேதி மூடிட்டாங்க.

[திரையில்: தமிழ் மாதக் காலண்டர். ஆடியிலிருந்து ஆவணிக்குப் பக்கம் திரும்புகிறது.]

ட்ரையல் பெரும்பாலும் 14 இல்லன்னா 30 நாள். பாத்த உடனே பட்டனை அழுத்திடாதீங்க, ஆள் பேரு ஏத்துறதுலயே ஒரு வாரம் போயிடும். ஆல்பம் ஸ்டுடியோன்னா ஆடியில முகூர்த்தம் இல்ல. பத்திப் பேரு, கார்டு எழுதுற முறை எல்லாத்தையும் அப்ப பேப்பர்ல முடிவு பண்ணிடுங்க. ஆவணி முதல் முகூர்த்தம் முடிஞ்ச மறுநாள் ட்ரையலைத் தொடங்குங்க. வேலை இல்லாத மாசத்துல எந்த சாஃப்ட்வேரும் நல்லாத்தான் ஓடும்.

எல்லா வேலையையும் ஏத்தாதீங்க, நிஜமான ஆர்டர் 3 போதும். அந்த மூணைப் பத்தி வாட்ஸ்அப்ல யார் கேட்டாலும் "கார்டுல போடுங்க"ன்னு மட்டும் பதில் சொல்லுங்க, ஓனர் கேட்டாலும் சரி. 10ஆம் நாள் ஒவ்வொரு கார்டோட ஆக்டிவிட்டி பதிவையும் திறந்து, யாரும் சொல்லாம தானா கார்டை நகர்த்தினது யார் யார்னு எண்ணுங்க. 5 பேர்ல 4 பேர்னா காசு கட்டலாம். ஒருத்தர் மட்டும்தான் நகர்த்தியிருந்தா, மத்தவங்க பக்கத்துல உக்காந்து, எந்த இடத்துல விரல் நின்னுபோகுதுன்னு பாருங்க. அது ஒரு கட்டத்தை எடுத்தா சரியாகிற விஷயமாவும் இருக்கலாம், சாஃப்ட்வேரையே மாத்தவேண்டியதாவும் இருக்கலாம். ட்ரையல் முடியறதுக்கு முந்தின நாள் எக்ஸ்போர்ட் எடுத்து வச்சுட்டு அதை முடிவு பண்ணுங்க.