மூச்சின் அளவில் புகுந்த இனக் கணக்கு

அவையோர்க்கு வணக்கம்.

அமெரிக்க மருத்துவமனைகளில் சுவாச சிகிச்சையாளர்களாகப் பணியாற்றும் பலர் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். இனவெறி என்றவுடன் நோயாளியிடம் முகம் சுளிக்கும் ஒருவரே நம் நினைவுக்கு வருகிறார். அப்படி ஒருவர்கூட இல்லாத பிரிவிலும் அது நாள்தோறும் நடந்துவந்தது என்பதைப் பற்றியே பேச வந்திருக்கிறேன்.

ஊதும் மூச்சின் அளவைக் காட்டும் கருவியான ஸ்பைரோமீட்டரில் நோயாளியை ஊதச் சொல்வதற்கு முன், வயது, உயரம், பாலினம் ஆகியவற்றோடு இனத்தையும் கணினியில் பதிவார்கள். பல வேளைகளில் நோயாளியைக் கேட்பதுகூட இல்லை. முகத்தைப் பார்த்தே முடிவு செய்துவிடுவார்கள். கறுப்பினத்தவர் என்று பதிந்தால் அவருக்கு இயல்பான நுரையீரல் அளவு 10 முதல் 15 விழுக்காடு குறைத்துக் கணக்கிடப்பட்டது. ஆசியர் என்றால் 4 முதல் 6 விழுக்காடு, ஆகவே நம்மவர்களும் இதற்கு விலக்கல்லர். 4 லிட்டர் ஊத வேண்டியவர் 3 லிட்டர் ஊதினால் அது 75 விழுக்காடு. மேலும் பரிசோதித்தாக வேண்டும். எதிர்பார்ப்பையே 3.4 லிட்டராகக் குறைத்துவிட்டால், அதே மூச்சு 88 விழுக்காடாகி, குறையேதும் இல்லை என்ற அறிக்கையோடு அவர் வீடு திரும்புவார்.

இப்படிக் குறைத்துக் கணக்கிடுவதன் வேர் அடிமை முறையில் இருக்கிறது. லூயிசியானாவில் மருத்துவராக இருந்த சாமுவேல் கார்ட்ரைட், கறுப்பினத்தவரின் நுரையீரல் குறைபாடுடையது, கட்டாய உழைப்பே அவர்கள் உடலுக்கு நன்மை தரும் என்று 1851ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுதினார். அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர்களின் மூச்சளவையும் அளந்து பெஞ்சமின் கூல்ட் 1869இல் வெளியிட்ட நூல் அந்த நம்பிக்கைக்கு எண்களின் மதிப்பைத் தேடித் தந்தது. 1999இல் பால்டிமோரில், ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் நுரையீரல் கெட்ட கறுப்பினத் தொழிலாளர்கள் இழப்பீடு கேட்டபோது, அவர்களுக்கு மட்டும் கடுமையான அளவுகோல் வேண்டும் என்று ஒரு நிறுவனம் வழக்காட முயன்றதற்கும் இதே கணக்குதான் துணை நின்றது. இதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் ஆறுவதில்லை.

2023இல் அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் இயல்பான நுரையீரல் அளவைக் கணக்கிட, இன வேறுபாடு பாராத சமன்பாட்டைப் பரிந்துரைத்தது. அதை ஏற்பதிலும் கவனம் வேண்டும். புதிய கணக்கில் விழுக்காட்டு எண் குறைந்துவிட்டது என்பதற்காகவே ஒருவருக்கு நுரையீரல் அறுவை சிகிச்சையோ வேலையோ மறுக்கப்படலாம். ஆகவே உங்கள் பிரிவில் எந்தச் சமன்பாடு இயங்குகிறது என்பதை முதலில் கேட்டறியுங்கள். பழைய கணக்கில் 'இயல்பு' என்று எழுதி அனுப்பப்பட்டவர்களுள், இன்னும் மூச்சிரைப்போடு வருகிறவர்களின் கோப்புகளை எடுத்துப் புதிய கணக்கில் மீண்டும் பாருங்கள். முடிவு மாறியிருந்தால் அந்த நோயாளியிடமே நேரில் சொல்லுங்கள்.