எலும்பை எந்தப் பையில் போடுவது?

(நூலக வாசகர் வட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். கொரியா என்று அறிவிப்பில் பார்த்துவிட்டு, பாட்டும் நாடகமும் பற்றிக் கேட்கலாம் என்று வந்த பிள்ளைகள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். மன்னிக்கணும், நான் பேசப்போவது குப்பையைப் பற்றி.

வேலை நிமித்தம் தென்கொரியாவின் துறைமுக நகரமான பூசானில் இரண்டு வருடம் இருந்தேன். யோங்தோ தீவின் மலைச்சரிவில் ஒற்றை அறை. 1950இல் கொரியப் போர் மூண்டதும் ஓடிவந்த ஜனங்கள் இந்த ஊர் மலைகளில் கிடைத்த இடத்திலெல்லாம் குடிசை போட்டார்கள். வழியில் பிரிந்துவிட்டால் யோங்தோ பாலத்தில் சந்திப்போம் என்று குடும்பங்கள் பேசிவைத்துக்கொண்டு வந்தனவாம். 1934இல் திறந்த பாலம் அது. கப்பல் போக ஒரு பகுதியைத் தூக்குவார்கள். 1966இல் நின்றுபோன அந்தத் தூக்கலை 2013இல் மறுபடி ஆரம்பித்தார்கள். மலைமேல் ஏறும் சின்னப் பேருந்துக்கு 'மாவுல் பஸ்' என்று பெயர். மாவுல் என்றால் கிராமம். திருப்பங்களில் கம்பியைப் பிடிக்காமல் நின்றால் எதிர்சீட்டுப் பாட்டியின் மடியில்தான் போய் விழ வேண்டும்.

அப்படிப்பட்ட பாட்டி ஒருவர்தான் என் கீழ்வீட்டுக்காரர். சரி, குப்பைக்கு வருகிறேன்.

அங்கே குப்பையைக் கண்ட பையில் கட்டி வைக்க முடியாது. உள்ளாட்சி அச்சடித்த பையைக் கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டும். எவ்வளவு குப்பையோ அவ்வளவு காசு. 1995லிருந்து நாடு முழுக்க இதுதான் முறை. சாப்பாட்டு மிச்சம் மட்டும் தனி. அதை நேரடியாக மண்ணில் கொட்டிப் புதைப்பதை 2005இல் தடை செய்துவிட்டார்கள்.

முதல் வாரம் கோழிக்கறி சமைத்தேன். எலும்பு, வெங்காயத் தோல், முட்டை ஓடு எல்லாம் சாப்பாட்டு மிச்சம்தானே என்று மிச்சத்துக்கான வாளியில் போட்டு வாசலில் வைத்தேன். காலையில் பாட்டி கதவைத் தட்டினார். கையில் என் வாளி. இடுக்கியால் ஒரு கோழிக்காலைத் தூக்கி என் முகத்துக்கு நேரே காட்டி ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. பன்றி மாதிரி உறுமிக் காட்டினார். அப்புறம் எலும்பைக் கடிப்பது போல் பாவனை செய்து, கையை விரித்துத் தலையை ஆட்டினார்.

'பன்றி இதைத் தின்னுமா?' என்று கேட்கிறார்! அந்த மிச்சத்தில் பெரும்பகுதி தீவனமும் உரமும் ஆகிறது. விலங்கு தின்ன முடியாத எலும்பு, சிப்பி ஓடு, வெங்காயத் தோல், மாம்பழக் கொட்டை எல்லாம் சாதாரணக் குப்பைப் பையில்தான் போக வேண்டும். அலுவலகத்தில் கொடுத்த நாலு பக்கத் துண்டறிக்கை புரியவைக்காததை ஒரு உறுமல் புரியவைத்துவிட்டது. நம் வீட்டுக் கொல்லையில் கழுநீர்ப்பானை இருந்த காலத்தில் என் அப்பத்தாவும் இதைத்தான் சொல்வார்: 'மாடு வாய் வைக்கிறதைப் போடுடா.' இரண்டு பாட்டிகளும் சந்தித்திருந்தால் என்னைப் பற்றி நிறையப் பேசியிருப்பார்கள்.

அப்பத்தா என்றதும் ஞாபகம் வருகிறது. கொரியர்களும் அப்பாவை 'அப்பா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். இதை வைத்து இரண்டு மொழியும் ஒன்றே என்று மேடை போடுகிறவர்கள் உண்டு. நான் அந்தப் பக்கம் போகவில்லை. எனக்குப் பிடித்தது வேறு. அம்மாவின் சகோதரி 'இமோ', அப்பாவின் சகோதரி 'கோமோ'. நம்மைப் போலவே சித்தி வேறு, அத்தை வேறு. சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் பரிமாறும் அம்மாவை யாரும் 'கோமோ' என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'இமோ, இன்னும் கொஞ்சம் கிம்ச்சி!' என்பார்கள். கிம்ச்சி என்றால் காரம் போட்டுப் புளிக்கவைத்த முட்டைக்கோஸ். கேட்டால் தட்டு நிறைய வரும், தனிக்காசு கிடையாது. சித்தியிடம் உரிமையாகக் கேட்கலாம், அத்தையிடம் யோசித்துத்தான் கேட்கணும் போலிருக்கிறது. இங்கே அத்தைமார்கள் யாராவது இருந்தால் கோபிக்கக் கூடாது.

கீழ்வீட்டுப் பாட்டி என்னைப் பார்க்கும்போதெல்லாம் 'பப் முன்னா?' என்பார். வகுப்பில் இந்தச் சொல்லைச் சொல்லித்தரவில்லை. சியோல் பேச்சுதான் சொல்லித்தந்தார்கள். இது பூசான் பக்கத்து வழக்கு. 'சோறு தின்னியா?' என்று அர்த்தம். நம் ஊர் 'சாப்டாச்சா' மாதிரி, பதில் எதிர்பார்க்காத கேள்வி. எனக்கு அது தெரியாதா? ஆனாலும் மொழி பழகணுமே என்று ஒரு நாள் படியில் நின்று, காலையில் தோசை வார்க்கப் பார்த்தது, மாவு புளிக்காதது, கடைசியில் ரொட்டி தின்றது என்று முழு வாக்கியங்களில் சொல்ல ஆரம்பித்தேன். வினைச்சொல்லைத் தேடிப்பிடித்து நிமிர்ந்தபோது பாட்டி இரண்டு திருப்பம் கீழே இறங்கியிருந்தார், கையில் குப்பைப் பையோடு.