பேசாத பந்து

நேயர்களுக்கு வணக்கம். செயற்கைக்கோள் என்றதும் பலருக்கும் காதில் ஒலிப்பது ‘பீப் பீப்’ சத்தம்தான். உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் ஏற்படுத்திவிட்டுப் போன பழக்கம் அது. நான் இன்று சொல்ல வந்தது பேசாத இரண்டு செயற்கைக்கோள்களைப் பற்றி. இரண்டும் பிரான்ஸ் ஏவியவை. ஒன்றுக்குப் போகிற வழியில் வாய் அடைத்துப் போனது. மற்றொன்றை வாயே வைக்காமல் செய்தார்கள்.

முதலாவதன் பெயர் ஆஸ்டெரிக்ஸ். படக்கதை நாயகனின் பெயரேதான். 1965 நவம்பர் 26 அன்று அல்ஜீரியாவின் சஹாரா பாலைவனத்தில், ஹம்மாகிர் என்ற இடத்திலிருந்து கிளம்பியது. எடை நாற்பது கிலோ சொச்சம். ஏற்றிச் சென்ற ராக்கெட்டின் பெயர் தியாமான், அதாவது வைரம். அதற்கு முன்பு சோதித்த ராக்கெட்டுகளுக்கு மரகதம், புஷ்பராகம், நீலம் என்றெல்லாம் பெயர். ஏவுதளமா நகைக்கடையா என்று கேட்கத் தோன்றும். முதல் அடுக்கின் எரிபொருளோ டர்பன்டைன்! பெயின்ட் கடையில் வாங்குகிறோமே, அந்தச் சரக்குதான். நைட்ரிக் அமிலத்தோடு சேர்த்து எரித்தார்கள்.

ராக்கெட் சரியாகவே போனது. உச்சியில் மூடி கழன்று விழும்போது ஆன்டெனாவில் அடிபட்டதாகச் சொல்வார்கள். கோள் ஊமையாகிவிட்டது. அது சுற்றுப்பாதையில்தான் இருக்கிறது என்பதை ரேடார் பார்த்து உறுதி செய்ய வேண்டியிருந்தது. ஆனாலும் சொந்த ராக்கெட்டில் செயற்கைக்கோள் ஏவிய மூன்றாவது நாடு என்ற பெயர் பிரான்சுக்குக் கிடைத்துவிட்டது. ஒன்பதாம் நாள் அங்கே அதிபர் தேர்தல். நான் வேறொன்றும் சொல்லவில்லை.

ஆஸ்டெரிக்ஸ் ராணுவத்தின் பரிசோதனை. அறிவியலுக்கென்றே பிரான்ஸ் செய்த எஃப்.ஆர்-1 என்ற கோள், தேர்தலுக்கு மறுநாள் டிசம்பர் 6 அன்று கலிபோர்னியாவிலிருந்து அமெரிக்க ராக்கெட்டில் போனது. தாழ்ந்த அதிர்வெண் வானொலி அலைகள் அயனி மண்டலத்தை, அதாவது வளிமண்டலத்தின் மேலே மின்னேற்றம் பெற்ற அடுக்கை, எப்படிக் கடக்கின்றன என்று பார்ப்பது அதன் வேலை. பாவம், பத்து நாள் பிந்தியதால் அதன் பெயர் பலருக்குத் தெரியாமல் போயிற்று.

அல்ஜீரியா 1962-லேயே விடுதலை அடைந்துவிட்டது. உடன்படிக்கையின்படி சஹாராவில் பிரான்சுக்கு ஐந்தாண்டுத் தவணைதான். வீட்டைக் காலி செய்யும் முன் அவசரமாகச் சமைத்து முடிப்பதுபோல அடுத்தடுத்து ஏவினார்கள். 1966 பிப்ரவரியில் தியாபாசோன். இசைக்கவை என்று பொருள். பெயர் வீண்போகவில்லை. சுருதி பிசகாத ஓர் அலையை அது ஒலிபரப்பிக்கொண்டே இருந்தது. ரயில் நம்மை நோக்கி வரும்போது ஹாரன் சத்தம் உயர்ந்தும், கடந்து போனதும் தாழ்ந்தும் கேட்கிறதல்லவா? அதே ஏற்றத்தாழ்வை அளந்து கோளின் பாதையைக் கணக்கிட்டார்கள். பாதை தெரிந்தால் பூமியின் ஈர்ப்பில் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்பதும் தெரிய வரும்.

1967 பிப்ரவரி 8, 15 என்று ஒரே வார இடைவெளியில் இரண்டு தியாதெம் கோள்கள். முதலாவது நினைத்ததைவிடத் தாழ்வான பாதையில் போய்ச் சேர்ந்தது. இவற்றில் வானொலியோடு கண்ணாடிகளும் இருந்தன. சைக்கிளின் பின்னால் சிவப்பாக ஒன்று இருக்குமே, எந்தப் பக்கம் வெளிச்சம் பட்டாலும் வந்த பக்கமே திருப்பி அனுப்பும். அதே தத்துவம். கீழிருந்து லேசர் ஒளியை அடித்து, திரும்பி வர ஆகும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கண்டார்கள். அத்தோடு ஹம்மாகிர் முடிந்தது. அடுத்த ஏவுதளம் தென் அமெரிக்காவில், பிரெஞ்சு கயானாவின் கூரூ.

1971 டிசம்பரிலும் 1973 மே மாதத்திலும் அங்கிருந்து ஏவிய தியாமான் ராக்கெட்டுகள் தோல்வி. பிறகு, 1975 பிப்ரவரி 6 அன்று, கூரூவிலிருந்து நம் இரண்டாவது ஊமை கிளம்பியது. பெயர் ஸ்டார்லெட்.

அது ஒரு பந்து. குறுக்களவு 24 சென்டிமீட்டர், கால்பந்தைவிடச் சற்றுப் பெரிது. தூக்கிப் பார்த்தால்தான் விஷயம் தெரியும்: 47 கிலோ, ஏறக்குறைய இரண்டு அரிசி மூட்டை! உள்ளே ஈயத்தைவிடக் கனமான யுரேனியக் கலவை. பயப்பட வேண்டாம், கனத்துக்காக மட்டுமே வைத்தது. உயரே மிச்சமிருக்கும் மெல்லிய காற்றும் சூரிய ஒளியும் எந்தக் கோளையும் கொஞ்சம் தள்ளிவிடும். சிறியதாகவும் கனமாகவும் இருந்தால் அந்தத் தள்ளல் எடுபடாது, பூமியின் இழுப்பு மட்டுமே பாதையைத் தீர்மானிக்கும். மேலே சுற்றிலும் 60 கண்ணாடிகள். பேட்டரி இல்லை, வானொலி இல்லை, கெட்டுப்போக உள்ளே எதுவுமே இல்லை. எனக்கு இதில்தான் மயக்கம். முதல் கோளின் ஆன்டெனா போய்ப் பத்து வருடம்கூட ஆகவில்லை, ஆன்டெனாவே தேவைப்படாத ஒன்றைச் செய்துவிட்டார்கள்.

ஆஸ்டெரிக்ஸ் இன்னும் மேலேதான் சுற்றுகிறது, கேட்க ஒன்றுமில்லை. ஸ்டார்லெட்டுக்கு இன்றும் உலகின் பல நிலையங்கள் லேசர் அடிக்கின்றன; கடல் ஏற்றவற்றங்களின் கணக்குக்குக்கூட அது பயன்படுகிறது. ஆயிரம் கிலோமீட்டர் உயரம் போய்த் திரும்ப ஒளிக்கு நொடியில் நூற்றைம்பதில் ஒரு பங்கு போதும். நான் விடைபெறும் வார்த்தையைச் சொல்லி முடிப்பதற்குள் பல பத்து முறை போய் வந்துவிடலாம். வணக்கம்.