புல்லு காய ஒரு மணி நேரம்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். பட்டாசு சட்டமும் காட்டுத்தீயும்னு ஒரு தலைப்புல பேசச் சொல்லி கூப்பிட்டிருக்காங்க, ரொம்ப சந்தோஷம், ஏன்னா பல வருஷமா நான் இதே விஷயத்ததான் யார் கிடைச்சாலும் புடிச்சு வச்சு பேசிட்டு இருக்கேன். தீ விபத்து அறிக்கை, கோர்ட் உத்தரவு, ஒவ்வொரு நாட்டு பட்டாசு சட்டம்னு தேடித்தேடி படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அப்படி படிக்கப் படிக்க ஒரு விஷயம் மனச உறுத்திக்கிட்டே இருக்கு, அதத்தான் இன்னைக்கு சொல்லப் போறேன்.

எந்த ஊர் பட்டாசு சட்டத்த எடுத்தாலும் பெரும்பாலும் மூணு கேள்விதான் கேக்கும். என்ன பட்டாசு? எந்த தேதி? எந்த எல்லைக்குள்ள? இந்த மூணுக்கும் சரியா பதில் வச்சிருந்தா நீங்க கொளுத்தலாம். ஆனா தீ இந்த மூணையும் கேக்கவே கேக்காது. இன்னைக்கு, இந்த நேரத்துல, இந்த தரை எவ்வளவு காய்ஞ்சிருக்குங்கிறது ஒண்ணுதான் அதுக்கு கணக்கு. அந்தக் கேள்விய சட்டம் கேக்க மாட்டேங்குது, கேட்டாலும் லேட்டா கேக்குது. என் ஆதங்கம் பூரா இதுதாங்க.

காய்ஞ்சு கிடக்குன்னு சும்மா சொன்னா புரியாது, வீட்டுலயே ஒண்ணு செஞ்சு பாருங்க. விடியக்காலையில மரத்தடியில கிடக்கிற ஒரு சருகை எடுத்து கையில வச்சு கசக்குங்க. துவண்டு மடங்கும், சத்தமே வராது. அதே மரத்தடியில மத்தியானம் ரெண்டு மணிக்கு இன்னொரு சருக எடுத்து கசக்குங்க, மொறமொறன்னு நொறுங்கி தூளா கொட்டும். மழை தண்ணி எதுவும் வரல போகல, காத்துல இருந்த ஈரம் குறைஞ்சுது, சருகுல இருந்த ஈரமும் கூடவே போயிடுச்சு, அவ்வளவுதான். காட்டுத்தீ வேலையில இருக்கிறவங்க இதுக்கு ஒரு கணக்கு வச்சிருக்காங்க. கால் இஞ்சுக்கு கம்மியான தடிமன்ல இருக்கிற புல்லு, சருகு, ஊசியிலை இதுக்கெல்லாம் ஒரு மணி நேர எரிபொருள்னு பேரு, அதாவது காத்து மாறினா ஒரு மணி நேரத்துல அதுவும் பெரும்பாலும் மாறிடும். கொஞ்சம் தடிமனான குச்சிக்கு 10 மணி நேரம், கிளைக்கு 100 மணி நேரம், பெரிய கட்டைக்கு 1000 மணி நேரம். காலையில மழை பெஞ்சுதே, ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றவங்க அந்த பெரிய கட்டைய நினைச்சு சொல்றாங்க. வெயிலும் காத்தும் வந்துட்டா சாயங்காலத்துக்குள்ள புல்லு தயார் ஆயிடும். ஒரு மணி நேரம்ங்கிற இந்த கணக்க மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப இதுக்கு வருவேன்.

சரி, இப்ப பொறி. நாம ரொம்ப சாதுன்னு நினைக்கிறது கம்பி மத்தாப்பு. குழந்தை கையில குடுக்கிறது. அது எரியிற இடத்துல சூடு 1000 டிகிரி செல்சியஸுக்கு மேல போகும், காய்ஞ்ச புல்லு பத்திக்க அதுல மூணுல ஒரு பங்கு கூட போதும். பூ கொட்டி முடிஞ்சதும் மத்தாப்பு அணைஞ்சுட்டதா நாம நினைச்சுக்கிறோம். கம்பிய பாத்தா கறுப்பாதான் இருக்கும், ஆனா சுடும். நான் ஒரு தடவ எரிஞ்சு முடிஞ்ச கம்பிய ஒரு தகர டப்பாவுல காய்ஞ்ச ஊசியிலை போட்டு அதுமேல வச்சு பக்கத்துலயே உக்காந்து பாத்தேன். முதல்ல ஒண்ணுமே தெரியல. அப்புறம் கம்பி தொட்ட இடத்துல ஒரு இலை பழுப்பாகி, ஓரம் சுருண்டு, நூல் மாதிரி புகை. தீ இல்ல, புகை மட்டும்தான். மெதுவா ஊதினேன், செவப்பா ஒரு கங்கு தெரிஞ்சுது. காட்டுல அந்த ஊதுற வேலைய காத்து பாத்துக்கும்.

இன்னொண்ணும் சொல்லணும். பட்டாசு எரிய வெளிக்காத்து தேவையில்ல. மருந்துக்குள்ளயே நைட்ரேட்டோ குளோரேட்டோ பெர்குளோரேட்டோ இருக்கும், ஆக்சிஜன அதுவே கையோட கொண்டு வந்துடும். அதனால மண்ண போட்டு மூடினா அணைஞ்சிடும், மிதிச்சா அணைஞ்சிடும்னு நம்ப முடியாது. வெடியே வெடிக்காத, பொறியே பறக்காத புகை குண்டு கூட அப்படித்தான். சாதாரண கலர் புகை குண்டுல பொட்டாசியம் குளோரேட்டு, சர்க்கரை, சாயப்பொடி இதான் சரக்கு, உள்ள எரிஞ்சு அந்த சூட்டுல சாயத்த புகையாக்கி தள்ளும். வெளிய பாக்க ரோஸ் கலர் புகை, உள்ள அடுப்பு.

புகை குண்டுன்னு சொன்னதும் ஈகிள் க்ரீக் சம்பவத்துக்கு வந்தே ஆகணும். இத நான் எத்தன பேர்கிட்ட சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியாது, ஆனா ஒவ்வொரு தடவையும் முழுசா சொல்லத்தான் தோணுது.

அமெரிக்காவுல ஓரிகான் மாநிலம், கொலம்பியா ஆத்துப் பள்ளத்தாக்கு. ஒரு பக்கம் ஓரிகான், ஆத்துக்கு அந்தப் பக்கம் வாஷிங்டன் மாநிலம். அருவியும் பாசியும் ஊசியிலை மரமுமா இருக்கிற இடம், பாத்தா இதெல்லாம் எரியுமான்னுதான் கேப்பீங்க. 2017 செப்டம்பர் 2, சனிக்கிழமை, லீவு வாரக்கடைசி, கூட்டமான கூட்டம். அந்த கோடையில மழையே இல்லாம காய்ஞ்சு கிடந்ததால தீ மூட்ட தடை வேற இருந்துச்சு, பட்டாசுக்கு அந்தக் காட்டுல எப்பவுமே தடைதான். ஒரு 15 வயசுப் பையன், கூட்டாளிங்களோட மலைப்பாதையில வந்தவன், ஒரு புகை குண்ட கொளுத்தி பள்ளத்துக்குள்ள போட்டுட்டான். கூட வந்த பையன் போன்ல வீடியோ எடுத்துட்டு இருந்தான். பாத்துட்டு இருந்த ஒரு அம்மா இது எவ்வளவு ஆபத்து தெரியுமான்னு அதட்டினாங்க. புகை குண்டு கீழ போய் விழுந்துச்சு, கண்ணுக்கு எட்டாத சரிவுல, யாரும் இறங்கிப் போய் அணைக்க முடியாத இடத்துல.

கொஞ்ச நேரத்துல புகை மேல ஏற ஆரம்பிச்சுது. பாதையில இன்னும் உள்ள தள்ளி, அருவிப் பக்கம் குளிக்கப் போயிருந்த 150 பேர் அளவுல திரும்பி வர வழி இல்லாம மாட்டிக்கிட்டாங்க. குளிக்க வந்தவங்க, மேல சட்டை கூட சரியா இல்லாதவங்க, ராத்திரி பூரா மலையிலயே இருந்துட்டு மறுநாள் வேற பக்கமா பல மைல் நடந்து வெளிய வந்தாங்க. உயிர்ச்சேதம் இல்ல, அது பெரிய விஷயம். ஆனா ரெண்டு மூணு நாள்ல கிழக்குக் காத்து எடுத்துச்சு பாருங்க, கங்கு பறந்து அவ்வளவு அகலமான கொலம்பியா ஆத்தையே தாண்டி வாஷிங்டன் பக்கம் போய் விழுந்து அங்கயும் பத்திக்கிச்சு. நெடுஞ்சாலைய மூடினாங்க, ரெண்டு பக்கமும் திறக்க கிட்டத்தட்ட மூணு வாரம் ஆச்சு. 1925ல கட்டின ஒரு பழைய கல் கட்டடம் அருவி பக்கத்துல இருக்கு, அத காப்பாத்த தீயணைப்பு ஆளுங்க ராத்திரி பூரா தண்ணி அடிச்சுக்கிட்டே நின்னாங்க. மொத்தம் கிட்டத்தட்ட 49,000 ஏக்கர். நவம்பர் கடைசியிலதான் தீ கட்டுக்குள்ள வந்ததா அறிவிச்சாங்க. அதோட முடிஞ்சுதா? ஒரு முழு மழைக்காலமும் பனிக்காலமும் போனதுக்கப்புறம், 2018 மே மாசம், மண்ணுக்கு அடியில இன்னும் கனன்றுகிட்டு இருந்த இடத்த கண்டுபிடிச்சாங்க. அந்த ஈகிள் க்ரீக் நடைபாதைய மக்களுக்கு திறந்தது 2021 ஜனவரியில.

அந்தப் பையனுக்கு 5 வருஷ கண்காணிப்பு, 1,920 மணி நேர சமூக சேவை, அதுக்கு மேல 3.66 கோடி டாலருக்கு மேல நஷ்ட ஈடுன்னு 2018ல கோர்ட் உத்தரவு போட்டுச்சு. அவன் வாழ்நாள் பூரா சம்பாதிச்சாலும் கட்ட முடியாத தொகை, அது ஜட்ஜுக்கும் தெரியும், 10 வருஷம் ஒழுங்கா தவணை கட்டி மத்த நிபந்தனையும் காப்பாத்தினா நிறுத்திக்கலாம்னு வழி வச்சாங்க. தடை இருந்துச்சு, அவன் மீறினான், அதுல சந்தேகமில்ல. நான் கேக்கிறது என்னன்னா, அந்த புகை குண்டு அவனப் பொறுத்தவரைக்கும் ஒரு விளையாட்டு சாமான். வெடிக்காது, பறக்காது. ஆபத்தில்லாத வகைன்னுதான எல்லாரும் அத பழகி வச்சிருக்கோம்?

அடுத்த சம்பவமும் புகைதான். 2020 செப்டம்பர் 5, கலிபோர்னியா, எல் டொராடோ தீ. பொறக்கப்போற குழந்தை ஆணா பொண்ணான்னு கலர் புகை விட்டு சொல்ற விசேஷம், இடம் ஒரு பூங்கா, இடுப்பு ஒசரத்துக்கு மேல காய்ஞ்ச புல்லு, கொதிக்கிற வெயில். பத்திக்கிச்சு. குடும்பத்துக்காரங்க கையில இருந்த தண்ணி பாட்டில வச்சு அணைக்கப் பாத்திருக்காங்க. 22,000 ஏக்கருக்கு மேல எரிஞ்சு, அணைக்கப் போன ஒரு தீயணைப்பு வீரர் செத்துப் போனார். அவர் வீட்டு ஆளுங்கள நினைச்சா எனக்கு இன்னும் மனசு ஆறல.

இந்த இடத்துலதான் சட்டத்துக்கு வர்றேன். கலிபோர்னியாவுல மாநில தீயணைப்பு அதிகாரி முத்திரை போட்ட பட்டாசுன்னு ஒரு வகை உண்டு, பாதுகாப்பான வகைன்னு பேரே வச்சிருக்காங்க. ஓரிகான்ல பர்மிட் இல்லாம விடணும்னா அது பறக்கக் கூடாது, வெடிக்கக் கூடாது, தரையில 6 அடிக்கு மேல ஓடக் கூடாது, 12 இஞ்சுக்கு மேல எழும்பக் கூடாது. நல்ல விதிதான், நான் குறை சொல்லல, விரல் போகாம கண்ணு போகாம எத்தனையோ பேர காப்பாத்துது. ஆனா இந்த அளவெல்லாம் பெரும்பாலும் மனுஷ உடம்ப மனசுல வச்சு எடுத்த அளவு. புல்லுக்கு பொறி 12 இஞ்சு எழும்பினா என்ன, அரை இஞ்சு எழும்பினா என்ன? சிமெண்ட் தரையில பாதுகாப்பானது சருகு மேல பாதுகாப்பானது கிடையாது. அட்டைப்பெட்டி மேல இருக்கிற முத்திரை தரைய பாத்து போட்டது இல்லையே.

அடுத்தது தேதி. கலிபோர்னியாவுல அந்த முத்திரை பட்டாசு விக்கிற காலம் ஜூன் 28 மத்தியானத்துல இருந்து ஜூலை 6 மத்தியானம் வரைக்கும், அனுமதிச்ச ஊர்கள்ல மட்டும். அங்க அது மழையே எட்டிப் பாக்காத மாசம். 1992ல இருந்து 2012 வரைக்கும் அமெரிக்கா முழுக்க நடந்த காட்டுத்தீய கணக்கெடுத்து 2017ல ஒரு ஆய்வு வந்துச்சு, 84 சதவீதம் மனுஷனால ஆரம்பிச்சது, அதுலயும் வருஷத்துலயே அதிகமா ஆரம்பிச்ச நாள் அமெரிக்க சுதந்திர தினமான ஜூலை 4, அந்த 21 வருஷத்துல அந்த ஒரு தேதியில மட்டும் 7,762 தீ.

இப்ப அந்த ஒரு மணி நேரத்த ஞாபகம் வச்சுக்கோங்கன்னு சொன்னேன்ல? வாஷிங்டன் மாநில சட்டம் என்ன சொல்லுது தெரியுமா, ஒரு நகரமோ மாவட்டமோ மாநில விதிய விட கடுமையா ஒரு பட்டாசு விதி கொண்டு வந்தா, அது அமலுக்கு வர குறைஞ்சது ஒரு வருஷம் ஆகணும். புல்லு ஒரு மணி நேரத்துல காயுது, சட்டம் ஒரு வருஷம் கழிச்சு வருது. இந்த வருஷ வறட்சிக்கு அடுத்த வருஷம் தடை. அவசர அதிகாரத்த முன்னாடியே எழுதி வச்ச ஊர்கள் மட்டும்தான் அன்னைக்கே நிறுத்த முடியும்.

டெக்சாஸ் இதுல ஒரு படி மேல. அங்க வறட்சிக்கு ஒரு எண் இருக்கு, 0ல இருந்து 800 வரைக்கும், அது 575க்கு போயிட்டா அந்த மாவட்ட நிர்வாகம் தடை போடலாம். தரை எவ்வளவு காய்ஞ்சிருக்குன்னு அளந்து சட்டத்துக்குள்ள கொண்டு வந்துட்டாங்களேன்னு முதல்ல படிச்சப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷம். அடுத்த வரிய படிச்சேன், ஜூலை 4க்கான உத்தரவ ஜூன் 15க்குள்ள போட்டுடணும், அதுவும் குச்சி வச்ச ராக்கெட்டுக்கும் இறக்கை வச்ச ராக்கெட்டுக்கும் மட்டும்தான். ஜூன் 15க்கப்புறம் காய்ஞ்சா? அதுக்கு பேரிடர்னு தனியா அறிவிச்சு வேற வழியில போகணும்.

வியாபாரிங்க பக்கமும் நியாயம் இருக்கு, அத சொல்லாம விடக்கூடாது. சரக்கு வாங்கி, ஷெட் போட்டு, ஆள் வச்சு, கடைசி நாள்ல நிறுத்துன்னா எங்க போவாங்க? அந்த ஜூன் 15ங்கிற மாதிரி தேதியெல்லாம் அவங்க கஷ்டத்துக்கு ஒரு பதில்னுதான் நான் புரிஞ்சுக்கிறேன். அதுக்கு நான் சொல்றது, தடைக்கான அளவ முன்கூட்டியே எழுதி வைங்க, இந்த எண்ண தாண்டினா யாரும் கையெழுத்து போடாமலே தடை தானா வரும், திருப்பிக் குடுக்கிற சரக்க மொத்த வியாபாரி எடுத்துக்கணும்னு ஒப்பந்தத்துலயே போடுங்க. அப்ப யாருக்கும் திடீர்னு இல்ல. முடியாத காரியம் ஒண்ணுமில்ல. 2021 ஜூன் கடைசியில வரலாறு காணாத வெப்பம் அடிச்சப்ப ஓரிகான்ல போர்ட்லாந்து நகரத்துல தீயணைப்புத் தலைமை ஜூலை 4க்கு சில நாள் முன்னாடி தடை போட்டாங்க, அடுத்த வருஷம் நிரந்தரமாவே தடை வந்துடுச்சு. 2022 கோடையில பிரான்ஸ்ல வறட்சியப் பாத்து ஜூலை 14 வாணவேடிக்கையவே எத்தனையோ ஊர்ல ரத்து பண்ணாங்க, தேசிய நாள், அவங்களுக்கு மனசு வந்துச்சு பாருங்க.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுறாங்க, ரெண்டு நிமிஷம்தான் இருக்காம். எல்லை விஷயம் பேச நினைச்சிருந்தேன், 2024 ஜூன்ல கிரீஸ்ல ஹைட்ரா தீவுல ஒரு சொகுசுப் படகுல இருந்து விட்ட வாணவேடிக்கையிலதான் பைன் காடு எரிஞ்சுதுன்னு 13 பேர கைது பண்ணாங்க, கடல்ல இருந்து விட்டா எந்த ஊர் சட்டம்னு ஒரு பெரிய பேச்சு இருக்கு, அது இன்னொரு நாள்.

முக்கியமானத மட்டும் வேகமா சொல்லிடறேன். சட்டம் அனுமதிச்சாலும் கொளுத்துறதுக்கு முன்னாடி அந்த சருக கசக்கிப் பாருங்க, நொறுங்கினா பெட்டிய மூடி வச்சிடுங்க. வெறும் மண்ணுலயோ சிமெண்ட்லயோதான், மரமும் புல்லும் இல்லாத பக்கம். பக்கத்துல ரெண்டு பக்கெட் தண்ணி, பாட்டில் இல்ல, பக்கெட். வெடிக்காம போனத திரும்ப பத்த வைக்காதீங்க, கொஞ்ச நேரம் விட்டுட்டு தண்ணியில போட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்க, மத்தாப்பு கம்பியும் அப்படியே. முடிச்சதும் உடனே கிளம்பிடாதீங்க, இன்னும் ஒரு மணி நேரம் அந்த இடத்துலயே இருந்து புகை வருதான்னு பாருங்க, கண்ணுக்கு தெரியலன்னா மோந்து பாருங்க, புகை கண்ணுக்கு முன்னாடி மூக்குக்கு தெரியும். புகை பாத்தா அணைக்கலாம்னு நீங்களே ஓடாம முதல்ல தீயணைப்புக்கு போன் பண்ணுங்க. நேரம் ஆயிடுச்சு, நன்றி, வணக்கம்.