பாணும் இறைச்சியும்

சபையோருக்கு வணக்கம்.

வெள்ளைக்காரன் என்றதும் எங்களுக்கு ஞாபகம் வருவது ஏஜண்டுத் துரை, தோட்டத்துத் துரை. கைக்குழந்தையோடு கப்பலால் இறங்கி, வாடகை கொடுக்க வழியில்லாமல் நின்ற வெள்ளைக்காரனை நாங்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. வெளியூர்களில் ஆங்கிலேயர்கள் அமைத்த செயின்ட் ஜோர்ஜ் சங்கங்கள் அவனுக்காகத் தொடங்கியவை. நியூயோர்க்கில் 1770இல், பிலடெல்பியாவில் 1772இல். இரண்டு ஊரும் அப்போது பிரித்தானியாவின் கையில் இருந்தவை. சொந்த ராசாவின் ஆட்சிக்குள்ளேயே ஆங்கிலேயனுக்கு ஒரு சங்கம் தேவைப்பட்டிருக்கிறது, பாருங்கள்!

எங்கள் ரொறன்ரோவின் செயின்ட் ஜோர்ஜ் சங்கம் 1834இல் வந்தது. யோர்க் என்ற பட்டினம் ரொறன்ரோ மாநகரமான அதே வருடம். கிறிஸ்மஸ் காலத்தில் வறிய குடும்பங்களுக்கு மாட்டிறைச்சியும் பாணும் கொடுப்பார்கள். வரிசையில் நின்று பொதியை வாங்கியவர்களும் ஆங்கிலேயர்கள்தான். பண்பாடு, கொண்டாட்டம் என்று இன்று நாங்கள் காண்பதெல்லாம் இந்தப் பொதிக்குப் பக்கத்தில் வளர்ந்தவை.

ஏப்ரல் 23, இங்கிலாந்தின் காவல் புனிதரான ஜோர்ஜின் நாள். சட்டையில் சிவப்பு ரோசா குத்திக்கொண்டு விருந்துக்கு வருவார்கள். அமெரிக்கா தனிநாடான பிறகும் நியூயோர்க் விருந்தில் பிரித்தானிய அரியணைக்கும் கோப்பை உயர்த்துவார்கள், ஜனாதிபதிக்கும் உயர்த்துவார்கள். இங்கிலாந்திலோ அன்றைக்குப் பொது விடுமுறைகூடக் கிடையாது. ஊரில் தைப்பொங்கலுக்கு நீளக் காற்சட்டையோடு திரிந்தவர், இங்கே மைனஸ் இருபது குளிரில் வேட்டி கட்டி வருகிறார் அல்லவா? அதே கதைதான். அந்த ஜோர்ஜ் என்ற புனிதரும் ஆங்கிலேயர் அல்லர். உரோமைப் படைவீரர் என்பது மரபு. சென்னைக் கோட்டைக்கும் அவர் பெயர்தான்.

ரொறன்ரோ எல்ம் வீதி 14ஆம் இலக்கக் கட்டடத்தை, முடிந்தால் ஒருநாள் போய்ப் பாருங்கள். 1891இல் சங்கம் தனக்காகக் கட்டிய மண்டபம். 1920 முதல் அங்கே ஓவியர்களும் எழுத்தாளர்களும் கூடுகிறார்கள். கனடாவின் நிலக்காட்சிகளைத் தீட்டிய 'குரூப் ஒஃப் செவன்' ஓவியர்கள் மதியச் சாப்பாட்டுக்கு வந்து போன இடம் அது.

நியூயோர்க் சங்கம் இன்றும் வசதியில்லாத முதியவர்களுக்கு மாதாமாதம் உதவிப்பணம் கொடுக்கிறது. ஆங்கிலேயருக்கு மட்டும் என்ற கட்டுப்பாடு போய்விட்டது. பொதுநலவாய நாட்டவரும் கேட்கலாம். இந்தியா, இலங்கை எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. துரையின் சங்கத்துக்கு விண்ணப்பம் எழுத நியூயோர்க்கில் இருக்கும் எங்கள் அப்புமாருக்கும் உரிமை உண்டு.