ஒரே காலம், இரண்டு குடியேற்றங்கள்: பியூரிட்டன்களின் மாசசூசெட்ஸ் எப்படி வேரூன்றியது?

[திரையில்: அட்லாண்டிக் கடல் வரைபடம். இங்கிலாந்திலிருந்து இரண்டு கோடுகள் மேற்கே நகர்கின்றன.]

வணக்கம். 1630 டிசம்பரில் இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸ் ஒரு புதிய கம்பெனிக்கு அனுமதி கொடுத்தார். இன்றைய நிகரகுவா கடற்கரைக்கு அப்பால் இருக்கும் பிராவிடன்ஸ் தீவில் ஆட்களைக் குடியேற்றுவதுதான் அந்தக் கம்பெனியின் வேலை. பணம் போட்டவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. வார்விக் பிரபு, சே அண்ட் சீல் பிரபு, நாடாளுமன்றத்தில் அரசரை எதிர்த்து நின்ற ஜான் பிம் எனப் பியூரிட்டன்களில் பெரிய மனிதர்கள்.

அதே ஆண்டு கோடையில், அந்த அளவு செல்வாக்கு இல்லாத இன்னொரு பியூரிட்டன் கூட்டம் வடக்கே மாசசூசெட்ஸ் கரையில் இறங்கியிருந்தது. அங்கே கல் நிறைந்த மண், நீண்ட குளிர்காலம். தீவிலோ புகையிலையும் பருத்தியும் விளையும்.

1641இல் தீவை ஸ்பெயின் பிடித்துக்கொண்டது. மாசசூசெட்ஸ் வளர்ந்துகொண்டே போனது. ஏன் என்று இந்த வீடியோவில் பார்ப்போம்.

[திரையில்: ஆங்கிலேய தேவாலயத்தின் உள்புறம். வெள்ளை அங்கி அணிந்த குருமார்.]

முதலில் பியூரிட்டன்கள் யார்? இங்கிலாந்துத் திருச்சபை ரோமிலிருந்து பிரிந்துவிட்டது. ஆனாலும் பழைய கத்தோலிக்க வழக்கங்களை முழுசாக விடவில்லை என்று வருந்தியவர்கள் இவர்கள். குருமாரின் அங்கி, சிலுவை அடையாளம் போடுவது, பிஷப்புகளின் அதிகாரம் எல்லாமே இவர்களை உறுத்தின. இவர்களில் ஒரு சிறு பிரிவு திருச்சபையோடு உறவையே முறித்துக்கொண்டு முதலில் ஹாலந்துக்கும், 1620இல் மேஃப்ளவர் கப்பலில் வட அமெரிக்காவின் பிளிமத்துக்கும் போனது. பெரும்பாலானவர்கள் முறித்துக்கொள்ளவில்லை, உள்ளே இருந்தே திருத்தலாம் என்று காத்திருந்தார்கள்.

1629இல் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. மார்ச் 4ஆம் தேதி மாசசூசெட்ஸ் பே கம்பெனிக்கு அரசரின் சாசனம் கிடைத்தது. 10ஆம் தேதி அதே அரசர் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். அடுத்த 11 ஆண்டுகளுக்கு அவர் அதைக் கூட்டவே இல்லை. இன்னொரு பக்கம், லண்டன் பிஷப் வில்லியம் லாட் பியூரிட்டன் போதகர்களை வேலையை விட்டே விரட்டிக்கொண்டிருந்தார்.

இந்தச் சாசனத்தில் ஒரு விஷயம் விடுபட்டிருந்தது. கம்பெனியின் கூட்டம் எந்த ஊரில் நடக்க வேண்டும் என்று அதில் எழுதவில்லை. மற்ற கம்பெனிகள் எல்லாம் லண்டனில் உட்கார்ந்துகொண்டு கடலுக்கு அப்பால் இருப்பவர்களை நடத்தின. இவர்கள் 1629 ஆகஸ்டில் கேம்பிரிட்ஜில் கூடி, சாசனம், ஆளுநர், நிர்வாகம் எல்லாவற்றையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்விடுவது என்று முடிவெடுத்தார்கள். மாசசூசெட்ஸின் கதையில் மிக முக்கியமான முடிவு இதுதான் என்பது என் கருத்து. கம்பெனியின் பங்குதாரர் கூட்டம் கடலைக் கடந்ததும் ஒரு நாட்டின் சட்டமன்றமாக மாறியது. ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஜான் வின்த்ரோப் என்ற வழக்கறிஞர்.

[திரையில்: அர்பெல்லா கப்பல். பிறகு பனி மூடிய கரை.]

1630 ஜூனில் வின்த்ரோப் வந்த அர்பெல்லா சேலத்தை அடைந்தது. ஜூலை தொடக்கத்திலேயே அவர் மகன் ஹென்றி தண்ணீரில் மூழ்கி இறந்தான். சார்லஸ்டவுனில் நல்ல தண்ணீர் கிடைக்காமல் எதிர்க்கரைக்குப் போனார்கள். அந்த இடம்தான் பாஸ்டன். குளிர்காலத்தில் மாவு தீர்ந்தது. சிப்பியும் ஓக் மரத்துக் கொட்டையும் பொறுக்கித் தின்றார்கள். வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் பரவியது. 1631 பிப்ரவரியில் லயன் என்ற கப்பல் உணவோடும் எலுமிச்சைச் சாறோடும் வந்து சேர்ந்தபோதுதான் மூச்சு வந்தது. அதற்குள் சுமார் 200 பேர் இறந்திருந்தார்கள். இன்னும் பலர் ஊர் திரும்பிவிட்டார்கள்.

ஆனாலும் கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன. 1640 வரை, மாசசூசெட்ஸும் அதைச் சுற்றிய பகுதிகளும் சேர்ந்த நியூ இங்கிலாந்துக்கு வந்தவர்கள் ஏறக்குறைய 20,000 பேர். தெற்கே இருந்த இன்னொரு ஆங்கிலேயக் குடியேற்றமான வர்ஜீனியாவுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் கல்யாணமாகாத இளைஞர்கள், கூலி ஒப்பந்தத்தில் போனவர்கள். இங்கே அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று குடும்பம் குடும்பமாக வந்தார்கள். குளிர்ப் பிரதேசத்தில் மலேரியாவும் குறைவு. பிள்ளைகள் பிழைத்தார்கள், பெரியவர்கள் நெடுநாள் வாழ்ந்தார்கள். 1640க்குப் பிறகு குடியேற்றம் பெரும்பாலும் நின்றுபோனது. ஆனால் 1700இல் நியூ இங்கிலாந்தின் குடியேறிகள் சுமார் 90,000 பேர்.

[திரையில்: ஊர் வரைபடம். நடுவில் வழிபாட்டுக் கூடம், சுற்றிலும் வீடுகள், வெளியே வயல்.]

அடுத்து நிலம். தனி ஆள் இஷ்டத்துக்குக் காட்டில் போய் வேலி போட முடியாது. சில குடும்பங்கள் சேர்ந்து கேட்டால் சட்டமன்றம் ஓர் ஊருக்கான நிலத்தை மொத்தமாகக் கொடுக்கும். ஊர்க்காரர்கள் கூடி, குடும்பத்தின் அளவையும் வசதியையும் பார்த்து அதைப் பங்கு போடுவார்கள். பங்கு கிடைத்தவருக்கு அது சொந்த நிலம். வாரம் கொடுக்க வேண்டிய நிலச்சுவான்தார் யாரும் இல்லை. புதிய ஊர்களில் வழிபாட்டுக் கூடத்திலிருந்து அரை மைலுக்கு மேல் தள்ளி வீடு கட்டக்கூடாது என்று 1635இல் ஒரு சட்டமே போட்டார்கள்.

சரி, அந்த நிலம் யாருடையது? இதைச் சொல்லாமல் கடந்து போக முடியாது. 1616 முதல் 1619 வரை ஒரு கொள்ளைநோய் அந்தக் கரையோரப் பூர்வகுடி ஊர்களை அழித்திருந்தது. சில இடங்களில் பத்தில் ஒன்பது பேர் இறந்தார்கள். குடியேறிகள் கண்ட ‘காலி’ வயல்கள் அந்தப் பூர்வகுடிகள் மக்காச்சோளம் போட்ட வயல்கள். 1633இல் பெரியம்மை வந்தது. 1637 மே 26 அதிகாலையில், மிஸ்டிக் என்ற இடத்தில் பீக்வாட் மக்களின் வேலியிட்ட ஊரை ஆங்கிலேயர்கள் பூர்வகுடிக் கூட்டாளிகளோடு சுற்றிவளைத்துத் தீ வைத்தார்கள். வெளியே ஓடிவந்தவர்களைச் சுட்டார்கள், வெட்டினார்கள். ஒரு மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் நானூறுக்கும் மேல். பெண்களும் குழந்தைகளும் அதில் ஏராளம். பிடிபட்டவர்களில் சிலரை அடிமைகளாகப் பிராவிடன்ஸ் தீவுக்கே கப்பலேற்றினார்கள். அந்தக் கப்பல் திரும்பி வரும்போது ஆப்பிரிக்க அடிமைகளை பாஸ்டனுக்குக் கொண்டுவந்தது.

[திரையில்: பிராவிடன்ஸ் தீவு. மலை, துறைமுகம், பீரங்கிகள்.]

அந்தத் தீவில் என்ன நடந்தது? முதலாளிகள் லண்டனை விட்டு நகரவில்லை. நிலம் கம்பெனியுடையது, உழுதவர் விளைச்சலில் பங்கு கொடுக்க வேண்டும். என்ன பயிர் போடுவது என்பதுகூடக் கடிதத்தில்தான் வரும், அதுவும் மாதக்கணக்கில் தாமதமாக. குடும்பங்கள் அதிகம் வரவில்லை. லாபம் வராததால் அடிமைகளை வாங்கினார்கள், ஸ்பெயின் கப்பல்களைக் கொள்ளையடிக்க இறங்கினார்கள். 1638இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். மூன்றாவது முயற்சியில் ஸ்பெயின் தீவைக் கைப்பற்றியது. கடவுள் பக்தியில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. நிலமும் முடிவெடுக்கும் உரிமையும் யார் கையில் என்பதில்தான் வித்தியாசம்.

[திரையில்: பாஸ்டன் தெரு. ஒரு பன்றி.]

அந்த உரிமை எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஒரு பன்றி வழக்கு இருக்கிறது. 1636இல் ராபர்ட் கீன் என்ற பணக்கார வியாபாரியிடம் வழிதவறிய பன்றி ஒன்று வந்து சேர்ந்தது. யாருடையது என்று ஊரில் கூவச் செய்தார். நெடுநாள் யாரும் வரவில்லை. பிறகு ஷெர்மன் என்ற ஏழைப் பெண் வந்து, ‘நீங்கள் கொன்றது என் பன்றி’ என்றார். தேவாலயச் சபை விசாரித்தது, நீதிமன்றம் விசாரித்தது. இரண்டிலும் கீன் ஜெயித்தார். ஷெர்மன் விடவில்லை. 1642இல் வழக்கு சட்டமன்றத்துக்கே வந்தது. ஊர்ப் பிரதிநிதிகளில் அதிகம் பேர் ஷெர்மன் பக்கம், ‘உதவியாளர்கள்’ எனப்பட்ட ஆளுநரின் ஆலோசகர்களில் அதிகம் பேர் கீன் பக்கம். யார் சொல்வது செல்லும் என்ற சண்டை முற்றி, 1644இல் சட்டமன்றம் இரண்டு அவைகளாகப் பிரிந்தது.

ஆனால் ஓட்டு எல்லோருக்கும் இல்லை. 1631 சட்டப்படி சபை உறுப்பினரான ஆண்களுக்கு மட்டும். மாற்றுக் கருத்து சொன்னால் வெளியே போக வேண்டும். அரசுக்கு மனசாட்சி விஷயத்தில் அதிகாரமில்லை, பூர்வகுடிகளிடம் வாங்காத நிலத்தை அரசர் தானம் செய்ய முடியாது என்று பேசிய ரோஜர் வில்லியம்ஸை நாடுகடத்த உத்தரவிட்டார்கள். 1636 குளிர்காலத்தில் பனியில் நடந்து வாம்பனோக் என்ற பூர்வகுடி மக்களிடம் அடைக்கலம் புகுந்து, பிறகு நாரகான்செட் என்ற இன்னொரு பூர்வகுடி மக்கள் கொடுத்த நிலத்தில் ரோட் ஐலண்டைத் தொடங்கினார். வீட்டில் பைபிள் விளக்கக் கூட்டம் நடத்திய ஆன் ஹட்சின்சனையும் விரட்டினார்கள். அதே 1636இல் போதகர் தாமஸ் ஹூக்கர் தன் சபையாரோடும் மாடுகளோடும் நடந்தே போய் கனெக்டிகட்டில் குடியேறினார். 1638இல் நியூ ஹேவன். குடியேற்றம் பரவியதில் இந்தப் பிணக்குகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

[திரையில்: சென்னை புனித ஜார்ஜ் கோட்டை.]

நியூ ஹேவனுக்கும் சென்னைக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1649இல் பாஸ்டனில் பிறந்த எலிஹு யேல், 1687 முதல் 1692 வரை மதராஸ் கோட்டையின் ஆளுநர். 1718இல் அவர் அனுப்பிய ஒன்பது பொதிச் சரக்கை விற்று வந்த சுமார் 560 பவுண்டால்தான், போதகர்கள் தொடங்கிய, நியூ ஹேவனில் இருந்த ஒரு கல்லூரி யேல் என்ற பெயரை எடுத்துக்கொண்டது.

[திரையில்: எரியும் ஊர்கள். பிறகு ஒரு தோல் சாசனம்.]

1675இல் வாம்பனோக் தலைவர் மெட்டாகாம் தலைமையில் பூர்வகுடிகள் திருப்பி அடித்தார்கள். பத்துக்கும் மேற்பட்ட ஆங்கிலேய ஊர்கள் அழிந்தன. அடுத்த ஆண்டு மெட்டாகாம் கொல்லப்பட்டார். அவர் மனைவியும் மகனும் பிடிபட்டார்கள், நூற்றுக்கணக்கானோர் அடிமைகளாக விற்கப்பட்டார்கள்.

1684இல் லண்டன் நீதிமன்றம் சாசனத்தை ரத்து செய்தது. அரசர் அனுப்பிய ஆளுநர் ஆண்ட்ரோஸ், ‘உங்கள் நிலப்பத்திரம் எதுவும் செல்லாது’ என்ற தொனியில் பேச ஆரம்பித்தார். 1689 ஏப்ரல் 18இல் பாஸ்டன் மக்கள் அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். 1691இல் வந்த புதிய சாசனம் பிளிமத்தையும் மாசசூசெட்ஸோடு சேர்த்தது. ஆளுநரை இனி அரசரே நியமிப்பார் என்றது. ஓட்டுக்குச் சபை உறுப்பினர் என்ற தகுதியை எடுத்துவிட்டுச் சொத்தை வைத்தது. பத்திரங்களை மட்டும் தொடவில்லை. ஊர்கள் பங்கு போட்டுக் கொடுத்த நிலம் அவரவருக்கே என்று உறுதி செய்தது.